கரையாத புரதத்தைத் திடநிலை என்எம்ஆரில் ஆராய்வது இன்று வீண்வேலையா?

நீங்கள் கேட்டிருப்பது இது. முதுகலை முடித்துவிட்டு ஆய்வில் சேரப் போகிறீர்கள். நாரிழைகளாகத் திரண்டு கரையாமல் போகும் ஒரு புரதத்தைக் கொடுத்து, அதன் கட்டமைப்பைத் திடநிலை என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு: காந்தப்புலத்தில் அணுக்கருக்கள் தரும் சமிக்ஞைகளைக் கொண்டு மூலக்கூறை அறியும் முறை) மூலம் ஆராயச் சொல்கிறார் உங்கள் வழிகாட்டி. மாதிரியை உறைய வைத்துப் படமெடுக்கும் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியும், அமினோ அமில வரிசையிலிருந்தே மடிப்பைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் மென்பொருளும் வந்துவிட்ட பிறகு இதற்கு நான்கைந்து ஆண்டுகளைக் கொடுக்கலாமா என்று தயங்குகிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்த முறை தரும் கட்டமைப்பை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது ஒன்று. மற்ற முறைகளால் சொல்ல முடியாத எதையாவது இது சொல்லுமா என்பது மற்றொன்று. முதலாவதற்கு என் பதில்: அளந்த தூரத்தை நம்பலாம், அளக்காத இடத்தைக் கணினி நிரப்பித் தந்த படத்தைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். இரண்டாவதற்கு: நிச்சயம் சொல்லும். ஆனால் முழுக் கட்டமைப்பை மட்டுமே குறியாக வைத்துப் போனால், பெரும்பாலும் நுண்ணோக்கிக்காரர்கள் உங்களை முந்திவிடுவார்கள். பல ஆண்டுகளாக நாரிழைகளையும் சவ்வுப் புரதங்களையும் இந்தக் கருவியில் வைத்துப் பார்த்து வருகிறவன் நான். ஆகவே எனக்கு இதன்மேல் ஒரு சாய்வு உண்டு. அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ‘திடநிலை’ ஏன் தேவைப்படுகிறது என்பதைப் பார்த்துவிடலாம். நீரில் கரைந்த சிறிய புரதம் விநாடிக்குக் கோடிக்கணக்கான முறை புரண்டுகொண்டே இருக்கிறது. காந்தப்புலத்துக்கு எந்தத் திசையில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும் விளைவுகளையெல்லாம் அந்தப் புரளல் சராசரியாக்கி அழித்துவிடுகிறது. அதனால் கரைசல் என்எம்ஆரில் கோடுகள் ஊசிபோல் மெலிதாக வருகின்றன. மூலக்கூறு பெரிதாகப் பெரிதாகப் புரளல் மெதுவாகும், கோடுகள் தடிக்கும். 1997-இல் ஊட்ரிஷ் குழுவினர் கொண்டுவந்த ‘ட்ராசி’ உத்தி இந்த எல்லையை வெகுதூரம் தள்ளி வைத்தது உண்மைதான். ஆனால் மைக்ரான் கணக்கில் நீளும் ஒரு நாரிழை புரள்வதே இல்லை. அது படிகமாகவும் ஆகாது என்பதால் எக்ஸ் கதிர் வழியும் அடைபடுகிறது. அப்படியே என்எம்ஆர் கருவியில் வைத்தால் என்ன கிடைக்கும்? ஒரே ஒரு கார்பனைல் கார்பனின் சமிக்ஞை மட்டும், மூலக்கூறு நிற்கும் திசைக்கு ஏற்ப, 150 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு; கோடு நிற்கும் இடத்தை இந்த அலகில்தான் சொல்கிறோம்) அளவுக்குப் பரவிக் கிடக்கும். புரதத்தின் கார்பன் நிறமாலை முழுவதுமே 200 பிபிஎம்முக்குள்தான் அடங்குகிறது. நூற்றுக்கணக்கான கார்பன்கள் இப்படிப் பரவினால் திரையில் ஒரு மேடுதான் தெரியும்.

இதற்கு வழி 1950-களின் கடைசியிலேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. பிரிட்டனின் பேங்கர் நகரில் ஆண்ட்ரூவும் அவருடைய சகாக்களும் 1958-இலும், அமெரிக்காவில் லோ 1959-இலும், மாதிரியைக் காந்தப்புலத்துக்கு 54.74 பாகைச் சாய்வில் வைத்து வேகமாகச் சுழற்றினால் திசை சார்ந்த விளைவுகள் மறையும் என்று காட்டினார்கள். அந்தக் கோணத்தில் கணக்கிலுள்ள முக்கியமான ஓர் உறுப்பு பூஜ்ஜியமாகிவிடுகிறது. துறையில் இதை மாயக் கோணம் என்கிறோம். இதில் மாயம் ஒன்றுமில்லை, கொசைன் வர்க்கம் மூன்றில் ஒரு பங்காக இருக்கும் கோணம், அவ்வளவுதான். 1970-களின் தொடக்கத்தில் பைன்ஸ், கிப்பி, வா ஆகிய மூவரும் புரோட்டான்களின் (ஹைட்ரஜன் அணுக்கருக்களின்) வலுவான காந்தத் தன்மையைக் கார்பனுக்கு மாற்றிக் கொடுக்கும் உத்தியைச் சேர்த்தார்கள். இந்த இரண்டும் சேர்ந்தபோதுதான் திடப்பொருளிலும் தனித்தனிக் கோடுகளைப் பார்க்க முடிந்தது.

ஆனால் சுழற்சி அழிப்பதில் தகவலும் சேர்ந்தே போகிறது. இரண்டு அணுக்கருக்களுக்கு இடையேயான இருமுனை இடைவினை, அதாவது இரண்டு குட்டிக் காந்தங்கள்போல் அவை ஒன்றையொன்று பாதிக்கும் அளவு, அவற்றின் தூரத்தின் முப்படிக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். தூரத்தை அளக்க நமக்கிருக்கும் அளவுகோலே அதுதான். ஆகவே வேண்டாதபோது அதை அடக்கி, வேண்டிய சில மில்லிவிநாடிகளுக்கு மட்டும், வேண்டிய இரண்டு வகை அணுக்களுக்கு இடையில் மட்டும் மீண்டும் எழுப்ப வேண்டும். 1989-இல் குல்லியனும் ஷேஃபரும் வெளியிட்ட ‘ரெடோர்’ இந்த வகை உத்திகளில் இன்றளவும் நம்பகமானது. மாதிரி ஒரு சுற்றுச் சுற்றும் நேரத்துக்குள் சரியான இடைவெளியில் ரேடியோ துடிப்புகளைச் செலுத்தினால், சுழற்சி செய்யும் சராசரி கலைந்து இடைவினை தலைகாட்டும். திடநிலை என்எம்ஆர் என்பது சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வது போன்றது. கேட்டதற்குத் துல்லியமான பதில் வரும். கேட்காததை அது தானாக வந்து சொல்லாது.

ஆய்வகத்தில் வேலை எப்படி நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் ஆண்டுகளில் பாதி இதில்தான் போகும். இயற்கையில் கிடைக்கும் கார்பனில் கார்பன்-13 வெறும் 1.1 சதவீதம், நைட்ரஜன்-15 அதைவிடக் குறைவு, 0.37 சதவீதம். மற்றவை இந்த அளவீட்டுக்குப் பயன்படாது. எனவே கார்பன்-13 குளுக்கோஸும் நைட்ரஜன்-15 அமோனியம் குளோரைடும் மட்டுமே உணவாகக் கொடுத்து ஈ.கோலை பாக்டீரியாவை வளர்த்து, அதிலிருந்து புரதத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். குளுக்கோஸின் விலை பில்லைப் பார்த்தால் தெரியும். பிறகு நாரிழைகளாகத் திரளவிட்டு, அதிவேக மையவிலக்கியில் சுழற்றிச் சிர்கோனியாவாலான ஒரு சின்னஞ்சிறு ரோட்டாருக்குள் நிரப்புகிறோம். பரவலாகப் பயன்படும் 3.2 மில்லிமீட்டர் ரோட்டாரில் முப்பது மைக்ரோலிட்டர் அளவுக்குத்தான் இடமிருக்கும். அதை அழுத்தக் காற்றால் விநாடிக்கு 24,000 சுற்றுவரை சுழற்றலாம். நிமிடத்துக்குப் பதினான்கு லட்சம் சுற்றுக்கு மேல். அந்த வேகத்தில் ரோட்டாரின் விளிம்பு ஒலியின் வேகத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கில் ஓடுகிறது. மூடி சரியாக உட்காராவிட்டால் ஈரம் கசிந்து, மாதிரி ஒரு பக்கம் கனத்து, ரோட்டார் தள்ளாடத் தொடங்கும். வெடித்துச் சிதறவும் கூடும். அப்போது போவது மாதிரி மட்டுமல்ல, கருவியின் முனைப்பகுதியைப் பழுதுபார்க்கும் செலவும்தான்.

சுழற்றத் தொடங்கியதும் உடனே அளவெடுக்கவும் முடியாது. முதலில் பொட்டாசியம் புரோமைடு தூளை வைத்து, புரோமின் சமிக்ஞையின் எதிரொலிகள் எவ்வளவு நேரம் நீடிக்கின்றன என்று பார்த்துக் கோணத்தைச் சரிசெய்கிறோம். அடமன்டேன் என்ற பொருளின் கார்பன் கோட்டை 40.48 பிபிஎம்மில் நிறுத்தி அளவுகோலைப் பொருத்துகிறோம். காற்றோடு உராய்ந்து மாதிரி சூடாகும். வெளியே தெரியும் வெப்பநிலைக் காட்டி உள்ளே என்ன வெப்பம் என்று சொல்லாது. அதை மாதிரிக்குள் இருக்கும் நீரின் புரோட்டான் கோடு எங்கே நிற்கிறது என்பதிலிருந்துதான் கணிக்கிறோம். இதைச் செய்யாமல் விட்ட மாதிரிகள் மெல்ல மெல்ல வெந்துபோவதை யாரும் கவனிப்பதில்லை. மறுவாரம் எடுத்த நிறமாலை முந்தைய வாரத்தோடு ஒத்துப்போகவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

முதல் இருபரிமாண கார்பன் நிறமாலை வந்ததும் அனுபவமுள்ள எவரும் முதலில் தேடுவது அலனினைத்தான். கார்பனைலை விட்டால் அதற்கு இரண்டே இரண்டு கார்பன்கள்: ஆல்ஃபா கார்பன், அதையடுத்த மெத்தில். சங்கிலி திருகிய ஆல்ஃபா சுருளில் இருந்தால் அந்தச் சோடி 55, 18 பிபிஎம் அருகில் விழும். நீண்டு கிடக்கும் பீட்டா இழையில் இருந்தால் 51, 22 அருகில். கூட்டம் குறைந்த பகுதி என்பதால் ஒரு பார்வையிலேயே விஷயம் தெரிந்துவிடும். செரினும் திரியோனினும் நிறமாலையின் வேறொரு மூலையில், அவற்றின் பீட்டா கார்பன் ஆல்ஃபாவைவிட மேலே நிற்கும் தனித்த அடையாளத்தோடு இருக்கும். பிறகு நைட்ரஜனையும் சேர்த்து முப்பரிமாண அளவீடுகளை எடுத்து, எந்தப் புள்ளி வரிசையில் எத்தனையாவது அமினோ அமிலத்துக்குச் சொந்தம் என்று ஒவ்வொன்றாகப் பெயரிட வேண்டும். பெயரிட்டு முடித்ததும் அந்த எண்களிலிருந்தே முதுகெலும்புச் சங்கிலியின் இரண்டு திருப்பக் கோணங்களையும் கணிக்கலாம். அந்தக் கோணங்களில் எவை சாத்தியம், எவை அணுக்கள் மோதிக்கொள்ளும் இடங்கள் என்று 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் வரைந்த வரைபடம்தான் இன்றும் எங்கள் கணிப்புகளின் முதல் சோதனை. இந்த இடம்வரை வருவதை நான் உறுதியான நிலம் என்பேன். எந்தப் பகுதி இழை, எந்தப் பகுதி வளைவு, எந்தப் பகுதி அசைந்துகொண்டிருக்கிறது என்பதில் பெரிய தவறு நேர்வது அரிது.

இதைத் தாண்டி, மடிப்பு எப்படி, பக்கத்து மூலக்கூறு எப்படி ஒட்டுகிறது என்று போகும்போது கேள்வியை வடிவமைக்கும் திறமை தேவைப்படுகிறது. எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு அல்சைமர் நோயோடு தொடர்புடைய அமிலாய்டு-பீட்டா என்ற பெப்டைடு (சிறிய புரதச் சங்கிலி). நாரிழைக்குள் இழைகள் ஒரே திசையில் அடுக்கப்பட்டிருக்கின்றனவா, எதிரெதிர்த் திசையிலா என்பது 1990-களில் பெரிய கேள்வி. எதிரெதிர்த் திசைதான் என்று பலர் நினைத்தார்கள். சிறு துண்டுகளில் செய்த அளவீடுகளும் அதையே காட்டின. 1998-இல் 10-ஆம் அமினோ அமிலம் முதல் 35-ஆவது வரையிலான நீண்ட துண்டில் அளந்தபோது இழைகள் ஒரே திசையில், ஒன்றுக்கு நேர் மேல் ஒன்றாக அமர்ந்திருப்பது தெரிந்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் டைக்கோவின் குழு முழு நீளமான 40 அமினோ அமிலங்களிலும் இதையே உறுதி செய்தது. சோதனையின் எளிமையைப் பாருங்கள். ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒரே ஓர் இடத்தில், உதாரணமாக ஓர் அலனினின் மெத்திலில் மட்டும், கார்பன்-13 வைக்கிறார்கள். இழைகள் ஒரே திசையில் வரிசை பிசகாமல் அடுக்கப்பட்டிருந்தால், ஒவ்வொரு அடையாளக் கார்பனுக்கும் நேர் மேலும் நேர் கீழும் 4.8 ஆங்ஸ்ட்ராம் தூரத்தில் இன்னொன்று இருந்தாக வேண்டும். எதிரெதிராக இருந்தால் சங்கிலியில் அநேகமாக எல்லா இடங்களிலும் அவை வெகுதூரம் விலகியிருக்கும். 4.8 ஆங்ஸ்ட்ராமில் இடைவினை சுமார் 70 ஹெர்ட்ஸ். பல இடங்களில் அடையாளம் மாற்றி வைத்து அளந்தும் அதே தூரம் வந்தது. விவாதம் முடிந்தது. கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி பின்னாளில் அணு அளவில் படம் எடுத்தபோதும் அந்த முடிவு அசையவில்லை.

இதே கதையில் ஒரு கிளை உண்டு. அயோவா என்று அழைக்கப்படும் பரம்பரைத் திரிபில் 23-ஆம் இடத்து அஸ்பார்ட்டிக் அமிலம் அஸ்பராஜினாக மாறியிருக்கும். அந்தத் திரிபின் நாரிழைகளில் எதிரெதிர்த் திசை அடுக்கையும் டைக்கோவின் குழு கண்டது. அது நிலையற்றது, காலப்போக்கில் ஒரே திசை அடுக்குக்கு இடம் கொடுக்கிறது. ஓர் அமினோ அமிலம் மாறினால் அடுக்கே மாறலாம் என்றால், துண்டுகளில் கண்டதை முழுப் புரதத்துக்குப் பொருத்துவது எவ்வளவு ஆபத்து என்று புரியும். உங்கள் வழிகாட்டி ‘முதலில் சின்ன பெப்டைடில் தொடங்கலாம்’ என்று சொன்னால், அது கருவியைப் பழகுவதற்கு நல்லது. புரதத்தைப் பற்றி முடிவு சொல்வதற்கு அல்ல.

இனி சந்தேகத்துக்குரிய பகுதிக்கு வருகிறேன். 2005-இல் டைக்கோவின் குழு சயின்ஸ் இதழில் வெளியிட்ட முடிவு இந்தத் துறையையே உலுக்கியது. ஒரே பெப்டைடு, ஒரே கரைசல். கரைசலை அசைத்துக்கொண்டே வளர்த்தால் ஒரு வகை நாரிழை, அசைக்காமல் விட்டால் வேறு வகை. நுண்ணோக்கியில் தோற்றம் வேறு, என்எம்ஆர் நிறமாலை வேறு, நரம்பணுக்களுக்கு இழைக்கும் நஞ்சின் அளவும் வேறு. ஒவ்வொன்றையும் விதையாகத் தூவினால் அதே வகை மீண்டும் வளர்கிறது. அப்படியானால் நோயாளியின் மூளையில் இருப்பது எந்த வகை? 2013-இல் இரண்டு நோயாளிகளின் மூளைத் திசுவிலிருந்து எடுத்த நாரிழைகளை விதையாக வைத்து, ஐசோடோப்பு அடையாளமிட்ட பெப்டைடை வளர்த்து அளந்தார்கள். ஒவ்வொரு நோயாளியிடமிருந்தும் ஒரே வகை மேலோங்கி வந்தது. இருவருக்கும் அது வேறுவேறு. 2019-இல் ஜெர்மானியக் குழு ஒன்று மூளை உறையிலிருந்து நாரிழைகளை நேரடியாகப் பிரித்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, வலப்பக்கம் முறுக்கிய, முந்தைய கட்டமைப்பு மாதிரிகளோடு பொருந்தாத ஒரு மடிப்பு தெரிந்தது. 2022-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் மூளையிலிருந்து அமிலாய்டு-பீட்டாவின் 42 அமினோ அமில வகையின் நாரிழைகளைப் படமெடுத்தபோது வேறு இரண்டு மடிப்புகள் கிடைத்தன.

இதை வைத்து ‘என்எம்ஆர் தோற்றது’ என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது அவசர முடிவாகப் படுகிறது. ரோட்டாரில் இருந்தது எதுவோ அதை என்எம்ஆர் சரியாகவே அளந்தது. கேள்விக்குரியது விதை போட்டு வளர்க்கும் முறை: மூளையில் அதிகமாக இருந்த வகை பெருகுகிறதா, அல்லது சோதனைக் குழாயில் வேகமாக வளரக்கூடிய வகை மற்றவற்றை முந்திக்கொள்கிறதா? நுண்ணோக்கிக்கும் இதுபோன்ற பலவீனம் உண்டு. பிரித்தெடுக்கும்போது எவை தப்பிப் பிழைக்கின்றன, கணினி வகைப்படுத்தும்போது எவை கழித்துவிடப்படுகின்றன என்பதைப் பொறுத்தே அதன் முடிவும் அமையும். ஆக, எந்த நோயாளியின் எந்தத் திசுவில் எந்த மடிப்பு என்பது இன்னும் திறந்த கேள்விதான். எந்த ஒரு முறையையும் மட்டும் நம்பி இதற்குப் பதில் சொல்லும் கட்டுரையை எச்சரிக்கையாகப் படியுங்கள்.

மற்ற முறைகளால் முடியாததை இது செய்ததற்கு என்ன சான்று என்று கேட்டால், நான் நாரிழைகளை விட்டு இன்ஃபுளுவென்சா ஏ வைரஸின் எம்2 புரதத்துக்குப் போவேன். நான்கு சங்கிலிகள் சேர்ந்து வைரஸின் சவ்வில் புரோட்டான்கள் செல்லும் வாய்க்காலை அமைக்கின்றன. அமன்டடின் என்ற பழைய ஃபுளூ மருந்து அதை அடைக்கிறது. எங்கே அடைக்கிறது? 2008 ஜனவரியில் நேச்சரின் ஒரே இதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன. எக்ஸ் கதிர்ப் படிகக் குழு, மருந்து வாய்க்காலின் உள்ளே, 31-ஆம் இடத்து செரின் அருகில் அடைப்பானாக நிற்கிறது என்றது. கரைசல் என்எம்ஆர் குழு, அதே குடும்பத்து ரிமன்டடின் வாய்க்காலின் வெளிப்புறத்தில், சவ்வைப் பார்த்த பக்கத்தில் நான்கு இடங்களில் ஒட்டுகிறது என்றது. இரண்டு குழுக்களும் சோப்புப் போன்ற கரைப்பான்களில்தான் புரதத்தை வைத்திருந்தன. புரதத் துண்டின் நீளமும் இருவரிடமும் வேறு. எந்த வாதமும் எதிராளியை வாயடைக்கச் செய்யவில்லை.

2010-இல் மெய் ஹாங்கின் குழு கேள்வியை வேறுவிதமாகக் கேட்டது. புரதத்தை உண்மையான கொழுப்புச் சவ்வுக்குள் வைத்தார்கள். புரதத்தில் குறிப்பிட்ட அமினோ அமிலங்களில் கார்பன்-13. மருந்தின் ஹைட்ரஜன்களுக்குப் பதில் டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன். பிறகு ரெடோர் மூலம் இந்தக் கார்பனுக்கும் அந்த டியூட்டீரியத்துக்கும் இடையே இடைவினை உண்டா என்று நேரடியாக அளந்தார்கள். ஒரு வாய்க்காலுக்கு ஒரு மருந்து மூலக்கூறு என்ற அளவில் கொடுத்தபோது 31-ஆம் செரின் பதில் கொடுத்தது: மருந்து உள்ளேதான் நிற்கிறது. மருந்தைத் தேவைக்கு மேல் கொட்டியபோது மட்டும் வெளிப்புறமும் பதில் கொடுத்தது. அதாவது இரண்டு குழுக்களும் கண்டது பொய்யில்லை. ஆனால் மருந்தாக வேலை செய்யும் இடம் உள்ளே இருப்பது. இன்று பரவும் வைரஸ்களில் அந்த 31-ஆம் செரின் அஸ்பராஜினாக மாறியிருப்பதும், அமன்டடின் அவற்றிடம் பலிக்காமல் போனதும் இதோடு ஒத்துப்போகின்றன. மருத்துவப் பக்கம் என் துறையல்ல, அதனால் அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

அதே வாய்க்காலில் 37-ஆம் இடத்து ஹிஸ்டிடின் புரோட்டானைப் பிடித்து விடுவிக்கிறது. ஒரு ஹிஸ்டிடின் வளையத்தில் இருக்கும் நைட்ரஜனில் புரோட்டான் ஏறியிருக்கிறதா இல்லையா என்பது நைட்ரஜன்-15 நிறமாலையில் பளிச்சென்று தெரியும்: ஏறாத நைட்ரஜன் 250 பிபிஎம் அருகில், ஏறியது 170 பிபிஎம் அருகில். அமிலத்தன்மையைக் கூட்டக் கூட்ட ஒரு கோடு தேய்ந்து மற்றது வளர்வதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு ஹைட்ரஜன் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை நுண்ணோக்கிப் படத்தில் காண்பதற்கு மிக மிக உயர்ந்த தெளிவு வேண்டும். பெரும்பாலான படங்களில் அது கிடைப்பதில்லை. திசையைப் பூட்டிய சவ்வு மாதிரிகளில் சுருள் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளக்க 1994-இல் வூ, ராமமூர்த்தி, ஒபெல்லா ஆகியோர் கொடுத்த ‘பிசெமா’வும் இந்த வகை வேலைக்காகவே வந்தது.

அசையும் பகுதிகள் இன்னொரு பெரிய பரப்பு. 2017-இல் அல்சைமர் மூளையிலிருந்து எடுத்த, டௌ என்ற புரதத்தின் நாரிழைகளின் படம் வந்தபோது நாங்களும் வியந்தோம். அந்த வேலையை நாங்கள் செய்திருக்க முடியாது. ஆனால் 441 அமினோ அமிலங்கள் கொண்ட டௌவில் அந்தப் படத்தில் தெரிந்தது 306 முதல் 378 வரை மட்டும். மிச்சமுள்ள ஆறில் ஐந்து பங்கு மங்கலான உறையாகச் சுற்றிலும் கிடக்கிறது. அந்தப் பகுதிகள் எவ்வளவு வேகமாக அசைகின்றன, எந்த இடத்தில் அசைவு குறைந்து இறுகுகிறது, நீர் எங்கே தொடுகிறது என்பதையெல்லாம் அதே ரோட்டாரில், துடிப்பு வரிசையை மட்டும் மாற்றி அளக்க முடியும். இறுகியவற்றை மட்டும் காட்டும் வரிசை ஒன்று, அசைபவற்றை மட்டும் காட்டும் வரிசை ஒன்று. படத்தில் வராதது இல்லாதது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு டௌவைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஆல்ஃபாஃபோல்ட் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உருண்டையாக மடியும் புரதங்களில் அது செய்திருப்பது அசாத்தியமான சாதனை. 2024-இன் வேதியியல் நோபல் பரிசு பொருத்தமானதே. ஆனால் உங்கள் சிக்கலே ஒரே வரிசை பல மடிப்புகளில் அமைவதுதான். அசைத்தால் ஒன்று, அசைக்காவிட்டால் ஒன்று என்று இருக்கும் பொருளுக்கு, வரிசையை மட்டும் பார்த்து எந்த மடிப்பு என்று சொல்வது எப்படி? அது கணித்த வடிவத்தைக் கருதுகோளாக வைத்துக்கொண்டு, அதை உடைக்கக்கூடிய இரண்டு மூன்று தூரங்களை அளப்பதுதான் புத்திசாலித்தனம்.

முழுக் கட்டமைப்பும் இதனால் முடியாததல்ல. 2002-இல் பெர்லினில் ஓஷ்கினாட் குழு 62 அமினோ அமிலங்கள் கொண்ட எஸ்எச்3 என்ற சிறு புரதப் பகுதியின் மடிப்பை நுண்படிகத் தூளிலிருந்தே கண்டுபிடித்தது. கார்பன்களைச் சில இடங்களில் மட்டும் அடையாளமிடும் வகையில் கிளிசரால் கொடுத்து பாக்டீரியாவை வளர்த்தார்கள்; பக்கத்துக் கார்பன்களின் வலுவான இடைவினை குறைந்ததால் தூரத்துக் கார்பன்களின் மெல்லிய குரல் கேட்டது. 2008-இல் சூரிச்சில் மெயர் குழு, பூஞ்சை ஒன்றின் ஹெட்-எஸ் பிரியான் (தன் மடிப்பை மற்ற மூலக்கூறுகளுக்கும் பரப்பும் புரதம்) நாரிழையில் ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு சுற்றாக ஏறும் பீட்டா சுருளியாக இருப்பதைக் காட்டியது. அங்கே பெரிய தடை, ஒரு தொடர்பு ஒரே மூலக்கூறுக்குள் உள்ளதா, அடுத்த மூலக்கூறோடு உள்ளதா என்பது. அடையாளமிட்டதையும் இடாததையும் கலந்து நாரிழை வளர்த்து அதைப் பிரித்தறிகிறோம். இன்றும் நாரிழைக் கட்டமைப்புப் படங்களில் தவறு புகும் வாசல் இதுதான். ஒரு கட்டுரையில் இந்தக் கலப்புச் சோதனை செய்யப்படவில்லை என்றால், அதன் மடிப்புப் படத்தை நான் பாதி நம்பிக்கையோடுதான் பார்ப்பேன். தூரக் கட்டுப்பாடுகளின், அதாவது கணினிக்குக் கொடுத்த அளந்த தூரங்களின், எண்ணிக்கையையும், அவற்றில் எத்தனை ஒரே ஓர் அணுச்சோடிக்கு மட்டும் சந்தேகமில்லாமல் பொருந்துகின்றன என்பதையும் பின்னிணைப்பில் தேடிப் பாருங்கள். வண்ணப் படத்தில் கணினி தந்த பத்து வடிவங்கள் அழகாக ஒன்றின்மேல் ஒன்று பொருந்துவது மட்டும் போதாது. குறைந்த தரவில் கணினி ஒரே தவறைப் பத்து முறை செய்யவும் கூடும்.

உணர்திறன் குறைவு இந்த முறையின் நிரந்தரமான நோய். ஒரு முப்பரிமாண அளவீடு பல நாள் ஓடும்; தூரத் தொடர்புகளுக்கு வாரக்கணக்கும் ஆகும். இரண்டு பக்கங்களிலிருந்து நிவாரணம் வந்திருக்கிறது. 0.7 மில்லிமீட்டர் ரோட்டார்களை விநாடிக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழற்றி, கார்பனுக்குப் பதில் புரோட்டானையே நேரடியாகக் கேட்க முடிகிறது. அரை மில்லிகிராம் புரதம் போதும். இன்னொன்று, எம்ஐடியில் கிரிஃபின் முன்னெடுத்த வழி: மாதிரியில் நிலையான தனி எலக்ட்ரான் கொண்ட மூலக்கூறுகளைச் சேர்த்து, 100 கெல்வின் அருகே குளிர வைத்து, நுண்ணலையால் எலக்ட்ரானின் காந்தத் தன்மையை அணுக்கருவுக்கு மாற்றுவது. எலக்ட்ரானின் காந்த வலிமை புரோட்டானைவிட ஏறத்தாழ 660 மடங்கு. நடைமுறையில் பல பத்து மடங்கு பெருக்கம் கிடைத்தாலே பல நாள் வேலை சில மணி நேரத்தில் முடியும். விலை என்னவென்றால், உறைந்த நிலையில் ஒவ்வொரு மூலக்கூறும் சற்றே வேறான நிலையில் சிக்கிக்கொள்வதால் கோடுகள் தடித்துவிடுகின்றன. சில குறிப்பிட்ட இடங்களை மட்டும் அடையாளமிட்ட மாதிரிக்கு இது வரப்பிரசாதம். முழுதும் அடையாளமிட்ட பெரிய புரதத்துக்கு அவ்வளவு உதவாது.

ஆகவே சேர்வதற்கு முன் வழிகாட்டியிடம் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் புரதம் ஐசோடோப்பு ஊடகத்தில் போதிய அளவு விளைகிறதா, அல்லது சாதாரண ஊடகத்தில் மட்டும் விளைவித்துப் பார்த்ததா? முன்பு யாராவது எடுத்த ஒரு இருபரிமாண நிறமாலை இருக்கிறதா? இருந்தால் அலனின், செரின், திரியோனின் பகுதிகளைப் பெரிதாக்கிப் பார்த்துப் புள்ளிகளை எண்ணுங்கள். வரிசையில் உள்ள அலனின்களைவிட அதிகமாகப் புள்ளிகள் தெரிந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட வகை நாரிழைகள் கலந்திருக்கின்றன. புள்ளிகளே பிரியாமல் தடமாக இழுபட்டிருந்தால் மாதிரி ஒழுங்கற்றது. எவ்வளவு பெரிய காந்தமும் அதைக் காப்பாற்றாது. ஃப்ளாரன்ஸில் 2020-இல் நிறுவப்பட்ட 1.2 கிகாஹெர்ட்ஸ் கருவியில் கொண்டுபோய் வைத்தாலும், ஒழுங்கின்மையால் வரும் தடிப்பு பிபிஎம் கணக்கில் அப்படியேதான் இருக்கும். அந்த நிலையில் உப்பு, அமிலத்தன்மை, வெப்பநிலை, அசைத்தல் இவற்றை மாற்றி, விதை போட்டு, தலைமுறை தலைமுறையாக ஒரே வகையைத் தேர்ந்தெடுப்பதில்தான் முதல் ஆண்டைச் செலவிட வேண்டும். ஒவ்வொரு தொகுதியையும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்த பிறகே ரோட்டாரில் நிரப்ப வேண்டும்.

அடுத்தது, பக்கத்திலேயே கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி வசதி உண்டா, இல்லாவிட்டால் கூட்டு முயற்சிக்கு ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். மையப்பகுதியின் மடிப்பை அவர்கள் தரட்டும். அசையும் உறை, புரோட்டான் ஏறிய நிலை, மருந்தோ உலோக அயனியோ ஒட்டும் இடம், நாரிழையாகும் முன் உருவாகும் சிறு திரள்கள் ஆகியவற்றை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வேட்டின் தலைப்பில் ‘முழுக் கட்டமைப்பு’ என்ற சொல் இருந்தால், இப்போதே மாற்றச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அதற்கு வழிகாட்டி எப்படிப் பதில் சொல்கிறார் என்பதை வைத்தே சேர்வதா வேண்டாமா என்று பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம்.